ஐஸ் வாங்க வராத குழந்தை

போன தை மாதக் கடைசியில், சம்பா அறுவடை முடிந்திருந்த ஒரு சனிக்கிழமை மத்தியானம் நடந்தது இது. கீழ்வேளூர் பக்கம் எங்கள் ஊர். அறுவடை மெஷின் வயல் முழுக்க வைக்கோலை வரிசை வரிசையாகத் தள்ளிவிட்டுப் போயிருந்தது. அதைச் சுருட்டிக் கட்டுகிற மெஷின் டிராக்டரோடு வந்து இறங்கியது. மாட்டுக்கு வைக்கோல் வேண்டுமே என்று நானும் போய் வரப்பில் நின்றேன்.

எனக்குச் சும்மாவே ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. கேஸை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி ஓடுகிற ஆள். வீட்டுக்காரர் அதைச் சொல்லிக் கிண்டல் பண்ணாத நாளே கிடையாது.

லீவு நாள் என்பதால் தெருப் பிள்ளைகள் அந்த வைக்கோலில்தான் ஐஸ்பாய் விளையாடிக்கொண்டிருந்தார்கள். வைக்கோலைக் குவித்து உள்ளே புகுந்து ஒளிவது இங்கே எல்லாப் பிள்ளைகளும் செய்வதுதான். நாங்களும் செய்தோம், அப்போது இந்த மெஷின் இல்லை. டிரைவர் ஹாரன் அடித்ததும் பிள்ளைகள் ரோட்டுக்கு ஓடினார்கள். அந்த நேரம் பார்த்து ஐஸ்காரர் வேறு மணி அடித்தார், கேட்க வேண்டுமா! வண்டியை மொய்த்துக்கொண்டார்கள்.

எதிர் வீட்டுச் சின்னப் பெண்ணை மட்டும் காணோம். ஐந்து வயது. ஐஸ் மணி கேட்டால் சோற்றுத் தட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடுகிறவள். அவள் அக்காவைக் கேட்டேன். வீட்டுக்குப் போயிருப்பாள் என்று ஐஸைச் சப்பிக்கொண்டே சொன்னாள். அவர்கள் அம்மாவுக்குப் போன் போட்டேன். வயலில் உங்களோடுதானே நிற்கிறாள் என்றாள் அவள்.

வைக்கோலுக்குள்ளேயே இருந்தால்? மெஷின் முதல் வரிசையை முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலில் நான் கத்தினால் யாருக்குக் கேட்கும்? அறுத்த தாள் காலில் குத்தக் குத்த ஓடி, டிராக்டருக்கு முன்னால் போய் நின்றுவிட்டேன்.

டிரைவருக்கு எரிச்சல். இருட்டுவதற்குள் இன்னொரு வயலுக்குப் போக வேண்டுமாம். வரப்பில் நின்ற ஆண்களும், இவளுக்கு எப்போதும் இதே வேலை என்றார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"தம்பி, புள்ள கண்ணுல படுற வரைக்கும் வண்டி நகரக் கூடாது. அவசரம்னா என் மேல ஏத்திட்டுப் போங்க" என்றேன்.

அவர் இன்ஜினை அணைத்தார். எல்லாரும் முணுமுணுத்துக்கொண்டே வைக்கோலைக் கையால் விலக்கிப் பார்த்தோம். மெஷின் அடுத்து எடுக்கவிருந்த வரிசையில், கொஞ்சம் மேடாகத் தெரிந்த இடத்தில், அவள் ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். யாரும் தேடி வராததால் அப்படியே கண் அயர்ந்திருக்கிறாள். ஹாரனுக்கும் எழவில்லை. தூக்கியதும் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "நான் அவுட்டா?" என்று கேட்டாள்.

அவளைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதேன். டிரைவர் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா, இந்த சீசன்ல எத்தனையோ வயல் ஓட்டிட்டேன். ஒரு எடத்துலகூட எறங்கிப் பாத்ததில்ல" என்றார்.

வெகு நேரம் கழித்து எழுந்து, எல்லா வரிசையையும் நடந்து விலக்கிப் பார்த்த பிறகுதான் வண்டியை எடுத்தார். இப்போது எங்கள் ஊரில் யார் மெஷின் கொண்டுவந்தாலும், முதலில் வயலை ஒரு நடை நடந்து பார்க்க வைக்கிறோம்.

குழந்தை வயலில் இருக்கிறாள் என்று அம்மா நினைத்தாள், வீட்டில் என்று அக்கா நினைத்தாள், ரோட்டில் என்று டிரைவர் நினைத்தார். எல்லாரும் நிம்மதியாக இருந்த அந்தக் கொஞ்ச நேரத்தை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்குப் பயமாக இருக்கிறது.