மூச்சுக் கேள்விக்கு நான் போட்ட டிக்

1. டீச்சர் நின்றுகொண்டே கேட்டது

“பரவாயில்லைன்னு சொன்னது டாக்டரா, நீங்களா?”

செல்வி டீச்சர் என் மேஜைக்கு எதிரே நின்றுகொண்டு கேட்டார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று அவருடையது, இன்னொன்று அவர் கணவர் ராமநாதனுடையது. ஸ்கூபா டைவிங் கற்கப் போகிறவர்கள் முன்கூட்டியே நிரப்பி அனுப்ப வேண்டிய மெடிக்கல் ஃபார்ம் அது. கணவருடைய தாளில், ஆஸ்துமா, இழுப்பு, மூச்சுத்திணறல் உண்டா என்ற கேள்விக்கு எதிரே ‘இல்லை’ என்ற கட்டத்தில் டிக் அடித்திருந்தது. அந்த டிக் என்னுடையது.

“நான்தான் சொன்னேன் டீச்சர்” என்றேன்.

காரைக்குடியில் ஒரு டிராவல்ஸ் ஆபீசில் இருபத்தெட்டு வருடமாக டிக்கெட் போடுகிறேன். சிங்கப்பூருக்கு மகன் வீட்டுக்குப் போகிறவர்கள், மலேசியாவுக்கு வேலைக்குப் போகிறவர்கள், காசிக்குப் போகிறவர்கள் எல்லோரும் என் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து எழுந்தவர்கள்தான். எனக்குக் கொஞ்சம் வாய் அதிகம், அதில் எனக்கே பெருமையும் உண்டு. இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். என் சாமர்த்தியத்தைச் சொல்ல வேறு கதைகள் இருக்கின்றன. இது நான் செய்த தப்பு.

2. கிணற்றின் அடியில்

அதற்கு இரண்டு மாதம் முன்பு, ஒரு சனிக்கிழமை காலையில், அந்தத் தம்பதி முதல் தடவையாக வந்தார்கள். செல்வி டீச்சர் பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. வயது நாற்பத்தைந்து. பிறந்தது சாக்கோட்டை அருகே ஒரு விவசாயக் குடும்பத்தில். ராமநாதன் மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறார்.

“அரையாண்டு லீவுல எங்கயாச்சும் போயி ஸ்கூபா கத்துக்கிட்டு சர்ட்டிஃபிகேட்டோட வரணும் மேடம்” என்றார் டீச்சர்.

எதற்கு இந்த வயதில் என்று கேட்டுவிட்டேன். கேட்கக் கூடாது, ஆனால் கேட்டேன்.

“சின்னப் பிள்ளையில எங்க கெணத்துல குதிச்சு, அடி மண்ணை அள்ளிட்டு வரணும். அதான் எங்களுக்குள்ள பந்தயம். எப்பவும் நான்தான் ஜெயிப்பேன். ஆனா அடிக்குப் போயி கண்ணைத் தொறந்து பாக்குறதுக்குள்ள மூச்சு முட்டிரும், மேல வந்துரணும். ஒரு தடவையாச்சும் அடியில நிதானமா உக்காந்து பாக்கணும் மேடம்.”

“நீங்களும் கத்துக்கிறீகளா?” என்று ராமநாதனைக் கேட்டேன்.

“கெணத்துக்குள்ள மோட்டாரை எறக்கியிருக்கேன், என்னைய எறக்குனதில்ல. இவ போறா, தனியா விட முடியுமா? நானும் கத்துக்கிறேன்.”

“வாளித் தண்ணியைப் பாத்தாலே தள்ளி நிப்பாக” என்று டீச்சர் சிரித்தார். அவரும் சிரித்தார். அவர்களை எனக்கு அப்போதே பிடித்துப்போனது.

3. எங்கே போவது

இந்தப் படிப்பைப் பற்றி அதுவரை எனக்கு ஒன்றும் தெரியாது. தெரியாததைக் கஸ்டமரிடம் காட்டிக்கொள்வதில்லை என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். அது நல்ல பாடம் இல்லை என்பது பிறகு தெரிந்தது.

தாய்லாந்து, மாலத்தீவு, இலங்கை, அந்தமான் என்று நான்கு இடங்களை விசாரித்தேன். தண்ணீருக்கு அடியில் போகிறவர்களுக்குப் பாடம் அரைகுறையாகப் புரியக்கூடாது, தமிழில் சொல்லிக்கொடுப்பவர் வேண்டும் என்று டீச்சர் சொல்லிவிட்டார். பாஸ்போர்ட்டும் ராமநாதனிடம் இல்லை. அதனால் அந்தமான் என்று முடிவானது. அங்கே இரண்டு டைவ் சென்டர்கள் கடைசி வரை நின்றன.

முதலாவது இடத்தில் பேசியவர் தேன் மாதிரிப் பேசினார். மூன்றே நாளில் முடித்துவிடலாம், விலையும் குறைவு. “ஃபார்ம் எல்லாம் சும்மா ஃபார்மாலிட்டி, ஆளை மட்டும் அனுப்புங்க மேடம்” என்றார்.

இரண்டாவது இடத்தில் பேசியது ஜெனி. தூத்துக்குடிப் பெண், டைவிங் சொல்லிக்கொடுக்கும் இன்ஸ்ட்ரக்டர். அவளிடம் எல்லாமே நிபந்தனை. நான்கு நாள் வேண்டும். ஒரு இன்ஸ்ட்ரக்டருக்கு நான்கு பேருக்கு மேல் கிடையாது. தியரியை வீட்டிலேயே மொபைலில் படித்து முடித்துவிட்டு வர வேண்டும். கடைசி டைவ் முடிந்த அன்றைக்கே ஃப்ளைட் ஏறக்கூடாது, மறுநாள் முழுக்கக் கரையில் இருந்துவிட்டுத்தான் ஏற வேண்டும். நான் வழக்கம்போல ஒரு நாளும் வீணாகாமல் மத்தியான ஃப்ளைட்டுக்குத் திட்டம் போட்டு வைத்திருந்தேன். அது போயிற்று. சம்பந்தம் பேச வந்தவள் போல இத்தனை கேட்கிறாளே என்று எரிச்சலாக இருந்தது.

இரண்டு இடமும் மெடிக்கல் ஃபார்ம் அனுப்பின. எங்கள் ஊரில் ஃபார்ம் என்றால் கஸ்டமர் கையெழுத்து மட்டும்தான் போடுவார், மற்றதெல்லாம் நாங்கள் நிரப்புவோம். விசா ஃபார்மில் தொற்றுநோய் உண்டா, ஜெயிலுக்குப் போனதுண்டா என்றெல்லாம் கேட்டிருக்கும். கேள்வியைப் படிக்காமலே ‘இல்லை, இல்லை’ என்று கோடு கிழித்த மாதிரி டிக் அடித்துக்கொண்டே இறங்கி என் கை பழகியிருந்தது. இதையும் அப்படியே நிரப்பினேன்.

அன்று கையெழுத்துப் போட ராமநாதன் மட்டும் தனியாக வந்தார். டீச்சருடைய தாளை வீட்டுக்கு வாங்கிப் போக வேண்டும். கையெழுத்துப் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்திருக்காமல் இருந்தார்.

“மேடம், எனக்குச் சின்ன வயசுல இழுப்பு இருந்துச்சு. இப்பவும் மார்கழிப் பனியில கொஞ்சம் வரும். கடையில காயிலுக்கு அடிக்கிற வார்னிஷ் வாடை தூக்குனா வரும். அதை எதுவும் கேட்டிருக்காகளா?”

“அதெல்லாம் பரவாயில்லங்க. எல்லாத்துக்கும் இல்லைன்னு போட்டுட்டேன். கவலைப்படாமப் போங்க.”

அவர் முகம் தெளிந்தது. வீட்டில் போய் மனைவியிடம் ‘கேட்டுட்டேன், பரவாயில்லைன்னுட்டாக’ என்று சொல்லியிருக்கிறார். அதைச் சொன்னவள் டிக்கெட் போடுகிறவள் என்பதை மட்டும் சொல்லவில்லை.

4. ஜெனியின் ஃபோன்

ஃபார்ம்களை இரண்டு இடத்துக்கும் அனுப்பினேன். முதல் டைவ் சென்டரிலிருந்து அரை மணி நேரத்தில் ‘கன்ஃபர்ம்’ என்று பதில் வந்தது. ஜெனி ஃபோன் செய்தாள்.

“அக்கா, ரெண்டு ஃபார்ம்லயும் டிக் ஒரே மாதிரி இருக்கே. யாரு நிரப்புனது?”

“நான்தாம்மா.”

“ஒவ்வொரு கேள்வியையும் அவங்ககிட்ட கேட்டு நிரப்புனீங்களா?”

“கையெழுத்து அவங்களோடதுதாம்மா” என்றேன். அவள் கோபப்படாமல் விளக்கினாள். “அடியில சுவாசிக்கிற காத்து மேல வர வர விரியும்க்கா. இழுப்பு வந்து அந்தக் காத்து வெளிய வர முடியாம மாட்டிக்கிட்டா நுரையீரல் கிழிஞ்சிரும். நான் பக்கத்துலயே இருந்தாலும் ஒண்ணும் செய்ய முடியாது. இதை அவங்களே நிரப்பணும். நிரப்புனதையும் வெறும் ஃபார்மையும் சேத்து அவங்களுக்கே அனுப்புறேன்.”

ராமநாதன் இழுப்பைப் பற்றிச் சொன்னது ஞாபகம் வந்தது. சொல்லவில்லை. இருபத்தெட்டு வருட அனுபவக்காரி ஒரு சின்னப் பெண்ணிடம் தப்பை ஒப்புக்கொள்வதா என்று இருந்துவிட்டேன். இன்றைக்கும் அந்த மௌனத்தை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மறுநாள்தான் டீச்சர் அந்தத் தாள்களோடு வந்து நின்றார். நான்தான் சொன்னேன் என்றதும் அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“இவுகளுக்கு அங்க ஏதாச்சும் ஆயிருந்தா, நான் கடலுக்கு அடியில உக்காந்து எதைப் பாக்குறது மேடம்?” என்றார்.

நாற்காலியிலிருந்து எழுந்து மன்னிப்புக் கேட்டேன். அதுவரை எந்தக் கஸ்டமரிடமும் நான் அப்படிக் கேட்டதில்லை.

5. டாக்டர் சொன்னது

காரைக்குடியிலேயே ஒரு நெஞ்சுநோய் டாக்டரிடம் போனார்கள். நானும் கூடப் போனேன். குழாயில் ஊதச் சொல்லிப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார்: “அடியில போறது கண்டிப்பா வேண்டாம். மேல லைஃப் ஜாக்கெட் போட்டு மிதக்கலாம். இன்ஹேலர் பக்கத்துல இருக்கணும். மூச்சு லேசா இழுத்தாக்கூட அன்னைக்கு எறங்கக் கூடாது.”

வெளியே வந்ததும் ராமநாதன், “செல்வி, நீ போயிட்டு வா. நான் கடையைப் பாத்துக்கிறேன்” என்றார்.

“ஒங்களை விட்டுட்டுப் போறதுக்கா இத்தனை நாள் திட்டம் போட்டோம்? மேடம், ரெண்டு பேரோடதையும் கேன்சல் பண்ணிருங்க.”

ராமநாதன் பைக்கை எடுக்காமல் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே நின்றார். “சொன்னது டாக்டர் இல்லைன்னு தெரிஞ்சா நீ போக மாட்டேன்னுதான் மறைச்சேன். இப்ப அதேதான் நடக்குது” என்றார். டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கேன்சல் செய்வது எனக்கு இரண்டு நிமிட வேலை. செய்ய மனம் வரவில்லை. ஆபீசுக்கு வந்து இரண்டு இடத்துக்கும் ஃபோன் செய்து ஒரே கேள்வியைக் கேட்டேன். மேலே மிதக்கிற கணவருக்கு, அடியில் இருக்கிற மனைவி தெரிவாரா?

முதல் இடத்துக்காரர் நான் முடிப்பதற்குள், “எல்லாம் சூப்பரா தெரியும் மேடம், வாங்க” என்றார்.

ஜெனி யோசித்தாள். “கடைசி ரெண்டு நாள் ஆழத்துக்குப் போவோம்க்கா, அங்க தெரியாது. முதல்ல பழக்குற இடம் ஆழம் கம்மி, கரை பக்கம். காலையில தண்ணி தெளிவா இருந்தா தெரியும். இருந்தாத்தான். கடல் நான் சொன்னா கேக்காதுல்ல? அவரை ஒரு ஆளோட அனுப்புறேன். ஆனா வர்றதுக்கு முன்னாடி மாஸ்க் போட்டு மிதந்து பழகிட்டு வரணும்.”

இந்த முறை நான் மறைக்கவில்லை. டாக்டர் எழுதிக்கொடுத்ததை அப்படியே அவளுக்கு அனுப்பினேன். டீச்சரிடம் ஜெனி சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். அவர் போக வேண்டாம் என்றே பிடிவாதமாக இருந்தார். ராமநாதன்தான், “மிதக்கத்தானே சொல்றாக? நான் பழகுறேன்” என்றார்.

6. மானகிரிக் கிணறு

மானகிரியில் டீச்சரின் தம்பிக்குத் தோட்டம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே பயிற்சி நடந்தது. ஒரு தடவை நானும் போய்ப் பார்த்தேன். ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட்டும் கண்ணாடி மாஸ்க்கும் மாட்டிக்கொண்டு, கல்படியை ஒரு கையால் பிடித்தபடி ராமநாதன் இடுப்பளவு தண்ணீரில் நின்றார்.

“கைய விடுங்க. நான் பிடிச்சிருக்கேன்ல” என்றார் டீச்சர்.

“விட்டுட்டேன்.”

“எங்க விட்டீக? படியே ஒங்களோட வந்துரும் போல இருக்கு.”

மூன்றாவது ஞாயிறு கையை விட்டார். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து, வாயில் கவ்விய குழாய் வழியாக மூச்சு விட்டபடி பத்து நிமிடம் மிதந்தார் என்று டீச்சர் எனக்கு ஃபோனில் சொன்னார். தன் பள்ளிப் பிள்ளைகள் கோப்பை வாங்கிய நாளில்கூட அவர் குரலை அவ்வளவு சந்தோஷமாகக் கேட்டிருக்க முடியாது.

7. திரும்பி வந்து

ஜனவரியில் ஒரு காலை, பாக்கு நிறத்துக்குக் கறுத்துப்போய் இரண்டு பேரும் ஆபீசுக்கு வந்தார்கள். டீச்சர் சர்ட்டிஃபிகேட்டைக் காட்டினார். அதில் என் கண் நிற்கவில்லை.

“தெரிஞ்சுச்சா?” என்றேன்.

“மொத நாள் ஒண்ணும் தெரியல, கலங்கல். ரெண்டாம் நாள் காலையில மணல்ல முட்டி போட்டு உக்காந்திருந்தேன். மூச்சு முட்டல மேடம். எவ்வளவு நேரம் வேணாலும் இருக்கலாம் போல இருந்துச்சு. மேல நிமிந்து பாத்தா நாலஞ்சு சோடிக் காலு. கட்டைவெரல்ல நகம் இல்லாத காலு ஒண்ணு. மோட்டாரு விழுந்து நகம் போன காலு. அடையாளம் தெரியாமப் போகுமா?” என்று சொல்லிவிட்டு டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“நீங்க டீச்சரைப் பாத்தீகளா?” என்று ராமநாதனைக் கேட்டேன்.

“மொகமெல்லாம் தெளிவாத் தெரியல. அங்குட்டுத் திரும்பி இருந்தா. ஆனா அவ விட்ட மூச்சு குமிழு குமிழா மேல வந்து என் நெஞ்சுல பட்டுச்சு மேடம். ஒவ்வொண்ணா வந்துக்கிட்டே இருந்துச்சு. வர்ற வரைக்கும் பயமில்லைன்னு மிதந்துக்கிட்டே இருந்தேன்.”

நான் ஃபைலைத் தேடுகிற சாக்கில் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

டைவிங் எங்கே கற்றுக்கொள்ளலாம் என்று கேட்டு இப்போது வருடத்துக்கு நாலைந்து பேராவது வருகிறார்கள். இடத்தின் அழகையும் விலையையும் கடைசியில்தான் சொல்கிறேன். உங்களை வேண்டாம் என்று சொல்லத் துணிகிற இடமாகப் பாருங்கள் என்கிறேன். மெடிக்கல் ஃபார்மை நான் நிரப்புவதில்லை. கேள்வியை ஒவ்வொன்றாகத் தமிழில் படித்துக் காட்டி, பேனாவை அவர்கள் பக்கம் தள்ளிவிடுகிறேன். மூச்சைப் பற்றிய கேள்வி வரும்போது மட்டும் இரண்டு தடவை படிக்கிறேன்.