கூலர் பக்கத்து அலமாரி

டில்லியில் மூங்கில் சாமான் விற்றுப் பிழைக்கும் என் சக பாவிகளே, மே மாதம் நம்மைப் புகழ்ந்த அதே வாய்தான் ஜூலையில் நம்மைத் திட்டும் என்பது உங்களுக்குத் தெரியாததா!

அனல்காற்றில் வியாபாரம்

பத்மநாபன் சார் மத்திய சர்க்கார் ஆபீசர். லக்ஷ்மிபாய் நகரில் எங்கள் பக்கத்து பிளாக். தினமும் காலையில் நாங்கள் இருவரும் சேர்ந்துதான் நடக்கப் போவோம். மே மாத அனல்காற்றில் ஒருநாள் என் கடைக்குப் புத்தக அலமாரி வாங்க வந்தார். அந்தக் காற்றில் மூங்கிலின் ஈரமெல்லாம் வற்றி, தட்டுகள் விறைத்து நின்றன. இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்தார். துளிக்கூட வளையவில்லை.

"மழைக்காலத்தில் இளகும் சார், கனமா எதையும் வைக்காதீங்க" என்றேன். கேட்டால்தானே!

"மூங்கிலா ஓய் இது? இரும்பு! ஏக்தம் பக்கா!"

ஈரக்காற்றில் காபி

ஜூலையில் மழை பிடித்துக்கொண்டது. ஊரே கசகசவென்று இருந்தது. ஒருநாள் சார் வீட்டுக்குக் காபிக்குப் போனேன். ஹாலில் கூலரை ஒட்டினாற்போல் என் அலமாரி. அதில் புத்தகம் ஒன்றுகூட இல்லை. மேல்தட்டில் சாரின் மனைவி, அதாவது மாமியின் இரண்டு பீங்கான் ஜாடிகள், நிறைய மாவடு. மாமியின் தங்கை திருச்சியிலிருந்து ரயிலில் கொடுத்தனுப்பியது. தட்டு நடுவில் குழிந்திருந்தது.

மழைக்காற்று போதாதென்று கூலர் வேறு நாள் முழுக்க ஈரத்தை ஊதுகிறது, மூங்கில் அதைக் குடித்துத் தளர்ந்துவிட்டது, ஜாடிகளை இறக்குங்கள், கூலரையாவது நகர்த்துங்கள் என்று மன்றாடினேன்.

"நகர்த்தினா பிளக் எட்டாது. ஜாடியைக் கீழே வெச்சா எறும்பு ஏறும். நீங்க காபியைக் குடிங்கோ" என்றார் மாமி.

ஜாடி உடைந்த காலை

ஒரு வாரம் போயிருக்கும். தட்டு இன்னும் குழிய, ஜாடிகள் நடுவுக்குச் சரிந்து ஒன்றோடொன்று மோதி, ஒன்று உடைந்தேவிட்டது. விஷயம் கேள்விப்பட்டு நான் ஓடிப்போனபோது மாமி தரையில் உட்கார்ந்து கண்ணாடிப் பாட்டிலில் மாவடுவைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டே அழுதார். வேறு அலமாரி தருகிறேன் என்றேன். சார் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"நாளையிலேர்ந்து நான் தனியா நடந்துக்கறேன் ஓய்."

தீபாவளிக்குப் பிறகு

மழை போய்க் காற்று உலர்ந்தது. ஒருநாள் மாமியைக் காய்கறி வண்டியருகே பார்த்தேன். தட்டில் இன்னும் லேசாகக் குழிவு இருந்தாலும், அழுத்தினால் இப்போது வளைவதில்லையாம். எனக்கு ஒரே சந்தோஷம். அப்படியானால் சாரும் சமாதானமாகியிருப்பார் என்று ஆசையாக விசாரித்தேன். மாமி வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்தபடி சொன்னார்:

"அலமாரி பழையபடி கெட்டியாயிடுத்து. அவரும் கெட்டியாத்தான் இருக்கார்."

காற்றில் கொஞ்சம் ஈரம் பட்டாலே இளகிவிடுகிற சாமானை விற்று, எதற்கும் இளகாத ஒரு மனிதரை இழந்து, இப்போது நானும் தனியாகத்தான் நடக்கிறேன்.