வெளியீட்டு வரியும் அண்ணன் விரலும்

எங்கள் குடும்பத்தில் பேச்சுக்கு முன்னால் கை வரும். தறியில் தேய்ந்துபோன தோல் பட்டை ஒன்றை அப்பா எங்களுக்கென்றே ஆணியில் மாட்டி வைத்திருந்தார். அவர் இறந்த மறுவாரம் அண்ணன் அதைக் கிணற்றில் வீசினான். பட்டைதான் போனது, பழக்கம் போகவில்லை. கோபம் வந்தால் அண்ணன் கதவை உதைப்பான், அண்ணி பாத்திரத்தை எறிவாள். நான் அவர்கள் இரண்டு பேரையும் தூக்கிச் சாப்பிட்டவள்.

மல்லசமுத்திரத்தை ஒட்டி எங்கள் வீடு. பின்பக்கக் கொட்டகையில் எட்டு விசைத்தறிகள். காலையில் அவை ஓடத் தொடங்கினால் சுவர் அதிரும், குடத்துத் தண்ணீர் நடுங்கும். அந்தச் சத்தத்துக்குள் வளர்ந்தவர்களுக்கு மெதுவாகப் பேச வராது. சோறு வேண்டும் என்பதையே சண்டைக்குக் கூப்பிடுவதுபோலத்தான் கேட்போம்.

இப்படிப்பட்ட வீட்டில் உட்கார்ந்துகொண்டு நான் வானத்தை ஆராய்ச்சி செய்தேன். தொலைநோக்கியை நேரில் பார்த்தது இரண்டே முறை. மற்றதெல்லாம் லேப்டாப்பில்தான். தொலைநோக்கி எடுத்த படங்கள் வரும். கறுப்புப் பின்னணியில் ஆயிரக்கணக்கில் வெள்ளைப் பொட்டுகள் இருக்கும். எது விண்மீன், எது தூரத்து விண்மீன் மண்டலம், எது வெறும் இரைச்சல் என்று பிரித்து, ஒவ்வொன்றும் இருக்கும் இடத்தையும் ஒளியையும் பட்டியல் போட ஒரு மென்பொருள் உண்டு. அதில் பொத்தான் கிடையாது, வண்ணம் கிடையாது. நீளமான ஓர் அமைப்புக் கோப்பு மட்டும்தான். வரிக்கு வரி இடது பக்கம் ஒரு பெயர், வலது பக்கம் ஒரு மதிப்பு. எந்தப் படத்தைப் படிக்க வேண்டும், பின்னணியைவிட எவ்வளவு பிரகாசமாக இருந்தால் பொட்டு என்று ஒப்புக்கொள்ள வேண்டும், பட்டியலில் எந்தெந்த விவரம் வர வேண்டும், பட்டியலை எந்தப் பெயரில் எழுத வேண்டும். எல்லாவற்றையும் நாம்தான் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் அது திருத்தாது. சொன்னதைச் செய்துவிட்டுச் சும்மா இருக்கும்.

அதோடு முதல் மாதம் நான் போட்ட சண்டை கொஞ்சமல்ல. படம் இருக்கும் இடத்தை ஓரெழுத்து மாற்றி எழுதிவிட்டு, ‘கோப்பைத் திறக்க முடியவில்லை’ என்று அது சொன்னதற்கு எவர்சில்வர் டம்ளரைச் சுவரில் அடித்தேன். ஒளி வரம்பைத் தாழ்த்தி வைத்தபோது இரைச்சலையெல்லாம் விண்மீன் என்று வாரிக்கொண்டு வந்தது. உயர்த்தினால் பாதி வானத்தைக் காணோம். அண்ணன் ஒருநாள் நூல் பஞ்சு அப்பிய தலையோடு எட்டிப் பார்த்துவிட்டு, "இத்தன பொட்டுல எது நெசம், எது பொய்யின்னு உனக்கே தெரியாதாக்கும்?" என்றான். தெரியாது என்பது உண்மை. அதனால்தான் அவன்மேல் சீப்பை எறிந்தேன்.

ஒருவழியாக ஒரு படத்துக்கு எல்லா வரிகளும் சரியாக அமைந்தன. பட்டியல் அழகாக வந்தது. இனி முந்நூறு படங்களுக்கும் அதையே ஓட்ட வேண்டும். ஒவ்வொரு பொட்டின் வடிவத்தையும் கணக்கிடச் சொல்லியிருந்ததால் ஒரு படத்துக்கு இருபது நிமிடம் பிடித்தது. மொத்தம் நான்கு நாட்களுக்கும் மேல். என் முனைவர் பட்ட நெறியாளர் கெடு வைத்திருந்தார். மாதக் கடைசிக்குள் முழுப் பட்டியல் அவர் மேசைக்கு வராவிட்டால் என் பதிவை நீட்டிக்கக் கையெழுத்துப் போட மாட்டார். ஐந்து வருடப் படிப்பு அதோடு முடிந்துவிடும். கெடுவுக்குப் பத்து நாள் இருந்தது.

படங்களை ஒவ்வொன்றாக எடுத்து மென்பொருளுக்கு ஊட்டும்படி சின்னதாக ஒரு நிரல் எழுதினேன். உள்ளே போகும் படத்தின் பெயர் ஒவ்வொரு முறையும் மாறும். வெளியீட்டு வரியில் மட்டும் ஒரே பெயரை விட்டுவைத்தேன். எனக்கு அது தப்பாகவே படவில்லை. எங்கள் கொட்டகையில் பாவு என்கிற நெடுக்கு நூல் தீர்ந்தால் அடுத்த பாவை இழை இழையாக முடிச்சுப் போட்டுச் சேர்ப்பார்கள். நெய்த துணி அதே உருளையில் பழைய சுற்றின்மேல் புதுச் சுற்றாக ஏறிக்கொண்டே போகும். உள்ளே எத்தனை மாறினாலும் வெளியே வருவது ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும் என்பது எனக்கு யாரும் சொல்லித்தராமலே தெரிந்த விஷயம். பட்டியலும் அப்படித்தான் சேரும் என்று நம்பினேன். நிரல் ஓடியது. திரையில் ‘முடிந்தது, முடிந்தது’ என்று வரிகள் இறங்கின. அதைப் பார்த்தே எனக்கு வயிறு நிறைந்தது. கோப்பைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லை.

நான்காம் நாள் ஆயுத பூஜை. லேப்டாப்பின் பேட்டரி செத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஒயரைப் பிடுங்கினால் உயிர் போய்விடும். அதனால், "ஆரும் அதத் தொடாதீங்க" என்று அண்ணியிடம் மூன்று முறை சொல்லிவிட்டு, பொரியும் பூசணிக்காயும் வாங்கக் கடைவீதிக்குப் போனேன். அண்ணியும் தொடவில்லை. லேப்டாப்பை ஓர் அங்குலம்கூட நகர்த்தாமல், மூடியின் வெளிப்பக்கம் மட்டும் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தாள்.

ஆனால் நான் திரும்பி வந்தபோது திரை கறுத்திருந்தது. மின்விசிறி நின்றிருந்தது. வாங்கி வந்த மூட்டையும் கையுமாகக் கொட்டகைக்கு ஓடினேன். தறிகளைக் கழுவித் துடைத்துப் பொட்டு வைத்தாகிவிட்டது. அண்ணன் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு அந்தப் பலகையை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். அதற்கும் பொட்டு வைக்க வேண்டுமல்லவா. எங்கள் வீட்டில் பூஜை அன்று மெயின் விழுந்தால் மறுநாள் காலைதான் எழும்பும்.

"என்ற மிசின ஏன்டா நிறுத்துன?" என்றேன். அண்ணனை ‘டா’ போட்டது அதுதான் முதல் தடவை.

அவன் அதைக்கூடப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "இன்னைக்குப் பொஸ்தகத்தையும் தொடக்கூடாது, ஆயுதத்தையும் தொடக்கூடாது. உன்றது ரெண்டும்தானம்மிணி. நாளைக்குக் காலைல எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுக்கலாம்."

நான் கத்திய கத்தலில் மெயினைத் தூக்கிவிட்டான். அறைக்கு ஓடி லேப்டாப்பை உயிர்ப்பித்தேன். பட்டியல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே ஒரு கோப்பு இருந்தது. திறந்தால் அதிலும் பாதிப் படத்தின் விவரம்தான். மேலே ஒன்றுமில்லை, கீழே ஒன்றுமில்லை. நான்கு நாள் வானம் போயே போய்விட்டது. மின்சாரம் போனதில் எல்லாம் அழிந்துவிட்டது என்று நினைத்தேன். வேறு எதையும் நினைக்க என் புத்திக்கு நேரமே கொடுக்கவில்லை.

கொட்டகைக்குத் திரும்பியபோது அண்ணன் சமாதானம் சொல்ல வாயெடுத்தான். "ஒரு நாளுல நட்சத்திரமெல்லாம் எங்கீம் ஓடிப்போயிராது."

பூஜைத் தட்டுக்குப் பக்கத்தில் நாடாக்களை வரிசையாக வைத்திருந்தார்கள். தறியில் ஊடைநூலைச் சுமந்துகொண்டு குறுக்கே பாயும் கட்டை அது. இரண்டு முனையிலும் இரும்புக் கூர் இருக்கும், கையில் எடுத்தால் கனக்கும். ஒன்றை எடுத்து அவன் தலையைக் குறிவைத்து அடித்தேன். தலையைத்தான் குறிவைத்தேன் என்பதை இங்கே ஒளிக்கப் போவதில்லை. அவன் வலது கையைக் குறுக்கே நீட்டினான். தறிச் சத்தமே இல்லாத நாள் அது. எலும்பு ஒடிந்த சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது. அதைக் கேட்ட பிறகும் இன்னொரு அடி அடித்தேன்.

அவன் இடது கையால் விட்ட அறையில் நான் பூசணிக்காயின்மேல் போய் விழுந்தேன். எழுந்து அவன் சட்டையைப் பிடித்தேன். அவன் என்னை உதறினான். பொரிமூட்டை கிழிந்து தறிகளுக்கு அடியில் சிதறியது. அண்ணி விளக்குமாற்றுக் கட்டையால் என் முதுகில் நாலு வைத்தாள். அதன் பிறகுதான் அவன் விரல்களைப் பார்த்தேன். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பக்கவாட்டில் திரும்பியிருந்தன. குங்குமம் எது, ரத்தம் எது என்று தெரியவில்லை. ஆனாலும் வாய் நிற்கவில்லை. "எல்லாம் உன்னாலதான், உன்னாலதான்" என்று ஆட்டோ திருச்செங்கோடு போய்ச் சேரும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன்.

மருத்துவர் எப்படி ஆனது என்று கேட்டார். "தறீல கை மாட்டிக்கிச்சுங்க" என்றான் அண்ணன். ஆயுத பூஜை அன்று எந்தத் தறி ஓடுகிறது என்று அவர் கேட்கவில்லை. விரலுக்குள் கம்பி வைத்தார்கள். நடுவிரல் தேறிவிடும், ஆள்காட்டி விரல் இனி மடங்காது என்றார்கள். அறுந்த இழையை முடிச்சுப் போடுகிற விரல் அது.

மறுநாள் காலை பூஜை முடிந்ததும் லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்தேன். கெடுவுக்குள் இன்னொரு முறை ஓட்டிவிடலாம். ஓட்டும் முன் எத்தனையாவது படத்தில் நின்றது என்று அறிய, நிரல் எழுதி வைத்திருந்த பதிவுக் கோப்பைப் படித்தேன். இருநூற்று எழுபதுக்கு மேல் முடிந்திருந்தது. அத்தனையும் ‘முடிந்தது’ என்று இருக்கையில் பட்டியலில் ஒன்றுகூட ஏன் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. சும்மா இரண்டு படங்களை மட்டும் கொடுத்து ஓட்டிப் பார்த்தேன். முதல் படத்தின் பட்டியல் வந்தது. இரண்டாம் படம் தொடங்கியதும் அதே பெயரில் புதிதாக எழுதத் தொடங்கி, பழையதைத் துடைத்துப் போட்டது. கேட்கவுமில்லை, எச்சரிக்கவுமில்லை. நான்கு நாளும் அது அப்படித்தான் செய்திருக்கிறது. மின்சாரம் போகாமலே இருந்திருந்தாலும் எனக்குக் கடைசிப் படம் ஒன்றுதான் மிஞ்சியிருக்கும்.

வெளியீட்டு வரியைத் திருத்த ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. எந்தப் படம் உள்ளே போகிறதோ அதன் பெயரே பட்டியலுக்கும் வரும்படி மாற்றினேன். எழுந்துபோய் அண்ணனிடம் சொல்ல வேண்டும் என்று கதவுவரை போனேன். அவன் அதற்குள் கட்டுப் போட்ட கையோடு வாசலுக்கு வந்து நின்றான்.

"உன்ற கம்பியூட்டரு முடியற வரைக்கும் தறி ஓடாது சாமி. கரண்டு ஏறி எறங்கிச்சுன்னா மறுக்காவும் போயிரும். நா ஆளுகளுக்குச் சொல்லிப்போட்டேன்."

நான் "செரிங்ணா" என்றேன். அந்த ஒரு வார்த்தைக்காக இன்றைக்கும் என்னை நான் மன்னிக்கவில்லை. ஐந்து நாள் எட்டுத் தறிகளும் நின்றன. குடத்துத் தண்ணீர் அசையாமல் கிடந்தது. அண்ணி என்னோடு பேசவில்லை. முந்நூறு பட்டியல்களும் வந்தன, கெடுவுக்கு ஒரு நாள் முன்னால் கொண்டுபோய் வைத்தேன், கையெழுத்து விழுந்தது. சொல்ல வேண்டியதைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டேன். தள்ளிப் போடுவது ஒரு நாளைக்குத்தான் கஷ்டம். அப்புறம் அதுவே வழக்கமாகிவிடும்.

விரலிலிருந்து கம்பி எடுத்த மாதமே அண்ணன் எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு மீட்டரிலிருந்து என் அறைக்கு மட்டும் தனி லைன் இழுத்தான். பலகையில் அதற்கென்று தனிச் சுவிட்ச். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் மற்ற எல்லாவற்றையும் அணைப்பான், அதை மட்டும் தொட மாட்டான். பட்டம் வாங்கிச் சேலத்தில் ஒரு கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் அப்படியே. மாணவர்களிடம் மென்பொருளைத் தொடும் முன் வெளியீட்டு வரியைப் பாருங்கள் என்று ஒவ்வொரு வருடமும் கத்துவேன். தப்பாக வைத்தவன் தலையில் புத்தகத்தாலேயே தட்டியிருக்கிறேன்.

இந்த வருடம் பூஜைக்கு வெறுங்கையோடு போனேன். லேப்டாப்பே எடுத்துப் போகவில்லை. அண்ணன் பலகையருகே சந்தனக் கிண்ணத்தோடு நின்று, மடங்காத விரலை நீட்டிக்கொண்டே மற்ற விரல்களால் ஈரத்துணியைப் பிழிந்தான். "உன்ற மிசினு ஏதாச்சும் ஓடுதாம்மிணி? பாத்துச் சொல்லிப்போடு, அப்பறம் அணைக்கறேன்" என்றான். ஐந்து வருடமாக அதே கேள்வி. எனக்குப் பொறுக்கவில்லை. நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னேன். பெயரை மாற்றாமல் விட்டது, ஒவ்வொன்றாக அழிந்தது, மறுநாள் காலையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, தெரிந்தும் தறியை நிறுத்த விட்டது. எப்போதும் போலக் கத்தித்தான் சொன்னேன். வேறு மாதிரி சொல்ல எனக்குத் தெரியாது.

அவன் கிண்ணத்தைக் கீழே வைத்தான். நாடாக்கள் பக்கத்திலேயே வரிசையாக இருந்தன. எடுப்பான் என்று நினைத்தேன். எடுக்க வேண்டும் என்றுகூட வேண்டிக்கொண்டேன். தலையைக் குனிந்து நின்றேன். அவன் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அப்ப இது எதுக்கு ஒடஞ்சுதும்மிணி?" என்றான்.

இத்தனை வருடத்தில் அவன் என்னிடம் மெதுவாகப் பேசிய முதல் வார்த்தை அது. அண்ணி உள்ளேயிருந்து கற்பூரம் எங்கே என்று கத்தினாள். அண்ணன் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு பலகைக்குத் திரும்பினான். மெயினுக்கு முன்னால் என் அறைச் சுவிட்சை இடது கையால் அணைத்து, துடைத்து, அதற்கும் ஒரு பொட்டு வைத்தான்.