காகிதத்துக்கு ஆகாத அறை

மருத்துவமனையின் அடித்தளத்தில், சலவைக்கூடத்தை ஒட்டி இருந்தது ஆவண அறை. இருபது வருடமாக அங்கேயே கிடந்ததால் மேலே இருந்தவர்கள் அந்த அறையின் எழுத்தருக்குப் பாதாளம் என்று பெயர் வைத்தார்கள். போன் அடித்தால் அவரும் "பாதாளம் பேசுறேன்" என்றுதான் எடுப்பார்.

சலவைக்கூடத்துக் குழாய்கள் சுவருக்குள்ளேயே ஓடின. சுவர் எந்நேரமும் நசநசத்துக் கிடக்கும். கீழ்த்தட்டுக் கோப்புகளில் கறுப்பாகப் பூஞ்சை. ஒரு மழைக்காலத்தில் வந்த இருமல் போகவே இல்லை. மேல்மாடி மருத்துவர் சோதித்துவிட்டுப் பட்டென்று சொன்னார்: "அந்த ரூமை விட்டு வெளிய வாங்க. மிச்ச நுரையீரலாவது மிஞ்சும்."

மேஜையை மேலே மாற்றக் கேட்டு எழுதிக் கொடுத்தார். இடமில்லை என்று பதில் வந்தது. மறுபடி எழுதினார். பதிலே வரவில்லை. வேலையை விட்டால் அந்த வயதில் யார் கூப்பிட்டு வேறு வேலை கொடுப்பார்கள்?

இந்த நிலையில்தான் எல்லாப் பிரிவுக்கும் ஆவணப் பராமரிப்பில் ஒருநாள் அறிமுகப் பயிற்சி என்று அறிவித்தார்கள். முந்தின நாள் சாப்பிடும்போது மகளிடம் சொன்னார். அவள் குளிர்சாதனப் பொறியாளர்.

"அப்பா, உங்களுக்கு என்ன ஆகும்னு கேக்காதீங்க. யாரும் காதுல போட்டுக்க மாட்டாங்க. ஃபைலுக்கு என்ன ஆகும்னு கேளுங்க. ஃபைல் மேல போனா கூடவே நீங்களும் போயிருவீங்க."

"ஃபைலுக்கு நான் என்ன வாலா?"

"வாலாவே இருங்க. மேல போனா சரி."

பயிற்சி தர வந்த அம்மா திரையில் படம் போட்டு விளக்கினார். ஆவணம் பிறக்கும், புழங்கும், ஓய்ந்து கிடக்கும், காலம் முடிந்தால் அழிக்கப்படும். எதை எத்தனை வருடம் வைத்திருப்பது என்பதற்கு ஓர் அட்டவணை வேண்டும். அழிப்பதற்குக் குழுவின் கையெழுத்து வேண்டும். அதுவரை ஒருவர் பொறுப்பில் இருக்க வேண்டும். உணவகப் பொறுப்பாளர் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

பாதாளம் எழுந்தார். "மேடம், எங்க ரூம் சுவத்துல தண்ணி இறங்குது. ஃபைல் தாங்குமா?"

"பாதாளத்துலயும் தண்ணி வந்திருச்சாம்டோய்!" என்றார் கணக்குப்பிரிவுக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். அந்த அம்மா சிரிக்கவில்லை. மதியமே கையில் காற்றின் ஈரத்தை அளக்கும் ஈரமானியுடன் இறங்கி வந்தார். மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு அதன் முள்ளைப் பார்த்தார்.

"ஐயையோ! இதுக்குள்ள காகிதம் எப்படிங்க உயிரோட இருக்கு?"

"நானும் இருக்கேன் மேடம்."

அந்த அம்மா முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அறிக்கை போனது. காகிதத்துக்கு ஆகாத அறை என்று எழுதியிருந்தார். இத்தனை வருடம் கிடைக்காத இடம் மூன்றாம் மாடியில் உடனே கிடைத்தது. குளிர்சாதனம், இரும்பு அலமாரி, சுவரில் ஓர் ஈரமானி. பாதாளம் இருமிக்கொண்டே ஒவ்வொரு கோப்பையும் அட்டவணைப்படி பிரித்தார். வைக்க வேண்டியது ஒரு பக்கம், காலம் முடிந்தது ஒரு பக்கம். "மேல ஏசியாம்மா, குளிரும்" என்று மகளிடம் ஸ்வெட்டர் கேட்டு வாங்கி, மேஜை இழுப்பறையில் தயாராக வைத்தார்.

வைக்க வேண்டிய கோப்புகளோடு கடைசித் தள்ளுவண்டி மேலே ஏறியதும் மேலாளர் வந்தார்.

"நீங்க இங்கயே இருங்கண்ணே. காலம் முடிஞ்ச கட்டெல்லாம் இங்கதான கிடக்கு? குழு கையெழுத்துப் போடுற வரைக்கும் ஒருத்தர் பொறுப்புல இருக்கணும்ல. பயிற்சியில சொன்னாங்களே."

"குழு எப்ப சார் கூடும்?"

"கூடும், கூடும்."

மேல் அறைக்குப் புதிதாக ஒரு பெண்ணைப் போட்டார்கள். எப்போதாவது பழைய கோப்பு எதையாவது கேட்பாள். பாதாளம் தானே எடுத்துப் போவார். கதவைத் திறந்து, கோப்பை நீட்டிவிட்டு, அந்தக் காய்ந்த காற்றைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டு நிற்பார்.

"அண்ணே, கதவச் சாத்துங்கண்ணே. ஈரம் உள்ள வருது."

சாத்துவார். வெளிப்பக்கம் நின்று.

அவரை அடக்கம் செய்த மறுவாரம் குழு கூடியது. எல்லாக் கோப்புக் கட்டுகளையும் அழிக்கலாம் என்று கையெழுத்துப் போட்டது. அவருடைய சாமான்களை எடுத்துப்போக மகளை வரச் சொன்னார்கள். ஸ்வெட்டர் இழுப்பறையில் மடித்தபடியே இருந்தது. எடுத்துப் பார்த்தாள். ஈரமாக இருந்தது.