பத்துக் கட்டைவிரல்

ஜெபசிங்குக்குக் கோபம் வந்தால் முதலில் கையில் இருக்கும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிடுவார். வைக்காவிட்டால் அது யார் மண்டையிலாவது போய் விழும் என்ற பயம் அவருக்கே உண்டு. மேலகரத்தில் ரோட்டோரமாக ஒர்க்‌ஷாப் போட்டுப் பதினாலு வருஷத்தில் ஸ்பேனர் பறந்ததில்லை. அன்று காலை பரமசிவனின் வேன் எஞ்சினைப் பிரித்து மூன்றாவது பிஸ்டனை உருவியதும் அதைக் கீழே வைத்தார். பிஸ்டன் தலையில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை.

"இது எப்படிலே ஓட்ட விழுந்தது? போன வாரந்தான நீ என்னமோ புதுசா ஏத்துன?" என்றார் பரமசிவன்.

குற்றாலத்தில் சீசன் தொடங்கி நாலே நாள். இந்த இரண்டரை மாதம் ஓடுவதில்தான் பரமசிவன் வீட்டில் வருஷம் முழுக்க உலை கொதிக்கும். முந்தின நாள் பதினோரு பேரை ஏற்றிக்கொண்டு புளியரை வளைவில் ஏறும்போது எஞ்சின் கடகடவென்று அடித்து, புகையைக் கக்கி நின்றுவிட்டது. பின்னால் உருண்ட வண்டியைச் சக்கரத்துக்குக் கல் கொடுத்து நிறுத்தியிருக்கிறார்கள். கல் கிடைக்காமல் போயிருந்தால்?

ஏற்றியது 'வல்லயம்'. எஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல், எந்த நொடியில் தீப்பொறி என்று கட்டளையிடும் மென்பொருள். யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். கோவையிலிருந்து துபாய் வரை, ஜெபசிங் உட்பட முந்நூறு பேர் சேர்ந்து செய்வது. முந்நூறு பேருக்கு ஏழு வாட்ஸப் குரூப்! ஒன்றில் சொன்னது இன்னொன்றுக்குத் தெரியாது. இலத்தூர் சுடலைமாடன் சண்டை போட்டுக்கொண்டு தனிப் பிரதி வைத்திருக்கிறான். உருப்படுமா அந்தக் கூட்டம்?

உருப்படட்டும் என்றுதான் ஜெபசிங் ஒரு விதி எழுதிக் கொடுத்திருந்தார். வண்டியில் ஏற்றி, ஓட்டிப் பார்த்த பத்துப் பேர் 'சரி' என்று கட்டைவிரல் படம் போட்டால்தான் எந்தத் திருத்தமும் உள்ளே போகும்.

லேப்டாப்பைத் திறந்து புதுத் திருத்தத்தைப் பார்த்தார். தீப்பொறி அட்டவணையில் ஒரு வரிசை கீழே நகர்ந்து கிடந்தது. சமதளத்துக்கு உரிய எண், மேடேறும் பாரத்துக்குப் போயிருந்தது. தீப்பொறி முந்திக்கொண்டு அடித்தால் பிஸ்டன் ஓட்டை விழாமல் என்ன செய்யும்? எழுதியவர் வல்லயத்தைத் தொடங்கிய ரத்தினம் அண்ணாச்சி. தப்பு என்று இலஞ்சி வேல்விழி ஒரு மாதம் முன்பே நாலாவது குரூப்பில் எழுதியிருக்கிறாள். அதற்கு ஒருத்தன் சொன்ன பதில்: "அண்ணாச்சி எழுதுனதுல குத்தம் கண்டுபிடிக்க வந்துட்டா."

ஜெபசிங் ரத்தினத்துக்குப் போன் போட்டார்.

"ஓட்டிப் பாத்தியளா அண்ணாச்சி? மேட்டுல ஒரு தடவையாவது ஏத்திப் பாத்தியளா?"

"எனக்கு எங்கடே நேரம்? அதுக்குத்தான பத்துப் பேரு இருக்கானுவ. பத்து வெரலும் விழுந்திருக்குல்லா? என்னைய மட்டும் எதுக்குப் பிடிச்சி உலுக்குத?"

அண்ணாச்சி போனை வைத்துவிட்டார். ஜெபசிங் பரமசிவன் பக்கம் திரும்பினார்.

"அறிவுகெட்ட பயலுவ! ஓட்டிப் பாக்காமலே போட்டிருக்கானுவ. ஒவ்வொருத்தனையா இழுத்து வச்சிக் கேக்கேன்."

"எவன் எவன்னு பாருலே. பேரச் சொல்லு," என்றார் பரமசிவன்.

ஜெபசிங் செல்போனில் விரல் போட்டவர்கள் பட்டியலைத் திறந்து சத்தமாக வாசித்தார். ஒவ்வொரு பேருக்கும் ஒரு வசவு. எட்டுப் பேர் ஆயிற்று. ஒன்பதாவது பேரில் வாய் நின்றது.

ஞாபகம் வந்துவிட்டது. மைத்துனி கல்யாணப் பந்தி. இலையில் பாயசம் விழுந்த நேரம் போன் குலுங்கியது. அண்ணாச்சி ஏதோ அனுப்பியிருந்தார். அவர் அனுப்பினால் விரல் போடுவது வணக்கம் வைக்கிற மாதிரி. போடாவிட்டால் அரைமணியில் போன் வரும், 'என்னடே, எம்மேல வருத்தமா?' என்று. இடது கையால் அமுக்கிவிட்டுப் பாயசத்தை வழித்துச் சாப்பிட்டார். அப்புறம் போன வாரம், பத்து விரலும் இருக்கிறதே என்ற தைரியத்தில் அதையே பரமசிவன் வேனில் ஏற்றினார்.

பரமசிவன் செல்போனை வாங்கிப் பார்த்தார்.

"நீயுமாலே?"

"ஆமா."

"ஓட்டிப் பாத்தியா?"

"இல்ல."

பரமசிவன் செல்போனைத் திருப்பிக் கொடுத்தார். வெளியே போய் வேனின் படியில் உட்கார்ந்தார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது ஜெபசிங்குக்கு. இத்தனை நேரம் ஊரான் மேல் கொதித்த கோபம் மொத்தமும் திரும்பி அவர் மேலேயே விழுந்தது. த்தூ என்று துப்பினார்.

ஓட்டை பிஸ்டனைப் படம் எடுத்து ஏழு குரூப்பிலும் போட்டார். கீழே எழுதினார்: "விதியை எழுதியவன் நான். ஓட்டிப் பார்க்காமல் விரல் போட்டவனும் நான். பதினோரு பேர் மலையில் சாகப் பார்த்தார்கள். மற்ற ஒன்பது பேரும் உண்மையைச் சொல்லுங்கள். யாரும் இதற்கு விரல் போடாதீர்கள், முழுசாக வாசியுங்கள்."

ஒரு நிமிஷம் ஆகவில்லை. செய்திக்கு அடியில் கட்டைவிரல்கள் விழத் தொடங்கின. மூன்று, ஏழு, பன்னிரண்டு. முதல் விரல் ரத்தினம் அண்ணாச்சியுடையது.