கடலில் கொழுந்து கிள்ளிய கதை

என் கை சும்மா இருக்காது. பதினாறு வருடமாகத் தேயிலை மலையில் கொழுந்து கிள்ளுகிற கை. கொட்டகலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போதுகூட, யார் வீட்டு வேலியிலாவது துளிர் எட்டிப் பார்த்தால் அதுபாட்டுக்குக் கிள்ளிவிடும். "இவளக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனா சாமி மாலையில பூ மிஞ்சாது" என்பார் வீட்டுக்காரர். அவருக்குக் கவ்வாத்து வேலை. தேயிலைச் செடியை முழங்காலளவுக்கு வெட்டிவிட்டு, அது புதிதாகத் துளிர்ப்பதைப் பார்த்துப் பூரித்துப்போகிறவர். வெட்டினால்தான் வளரும் என்பது எங்கள் வீட்டு வேதம்.

இரண்டு வருடங்களுக்கு முன் எங்கள் லயத்து வரிசை வீட்டு ஆட்கள் எல்லாம் சேர்ந்து பஸ் பிடித்துத் திருகோணமலைக் கோயிலுக்குப் போனோம். சாமி கும்பிட்ட பிறகு, பவளப்பாறை காட்டுகிறேன் என்று ஒரு வள்ளக்காரத் தம்பி எங்கள் இரண்டு பேரையும் கூட்டிப்போனார். சேலைக்கு மேல் மிதவைச் சட்டையை மாட்டியதும் நான் இறுக்கிக் கட்டிய கொழுந்துச் சாக்கு மாதிரி இருந்தேன். ஒரு கறுப்புப் பாறைக்குப் பக்கத்தில், இடுப்பளவு தண்ணீரில் இறக்கிவிட்டார். தம்பி கொடுத்த நீச்சல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தால், அடியாத்தி! மஞ்சளும் ஊதாவுமாக ஒரு தோட்டமே கிடக்கிறது. கிளைக்குக் கிளை குட்டி மீன்கள் புகுந்து புகுந்து வருகின்றன.

"மட்டமே இல்லாம வளந்து கெடக்கே. யாருமே கவ்வாத்து வெட்டுறதில்லையா?" என்று வீட்டுக்காரர் வருத்தப்பட்டார்.

"தொடப்படாது அக்கா, அது உசிருள்ளது" என்று தம்பி சொல்லி முடிப்பதற்குள் என் கை கிள்ளிவிட்டது. விரல் நீளக் கிளை ஒன்று டக்கென்று கையோடு வந்தது.

தம்பி தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஏன் பதறுறீங்க? கிள்ளுனாத்தான் தளதளன்னு வரும். ஏழு நாள் கழிச்சுப் பாருங்க" என்றேன்.

"இது செடியே இல்ல அக்கா. பொடிப்பொடி உசிருகள் கூடிக் கட்டின வீடு. மீன்குஞ்சு ஒளிஞ்சு வளருறது இதுக்குள்ளதான். அலையை ஊருக்குள்ள விடாம அடக்கிறதும் இதுதான். இது போச்செண்டா எங்கட சோறும் போச்சு."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கிள்ளுவதைப் பற்றி எனக்கே பாடமா? "அடுத்த வருசம் வாறேன். துளிர்க்காம இருந்தா, கூடையத் தூக்கிப் போட்டுட்டு ஒங்க வள்ளத்துல துடுப்புப் போடுறேன்" என்று பந்தயம் கட்டினேன். கிளையைத் தண்ணீரில் போடுவதுபோலப் பாவனை செய்து மடியில் செருகிக்கொண்டேன்.

ஹபரணை தாண்டியதும் பஸ்ஸுக்குள் நாற்றம் கிளம்பியது. டிரைவர் பின்சீட்டு அக்காவின் கருவாட்டைச் சந்தேகப்பட்டார். அந்த அக்கா ரோஷத்தோடு பொட்டலத்தைப் பிரித்து ஒவ்வொருவர் மூக்கிலும் நீட்டினார். அடுத்து டிரைவரின் சாக்ஸ் மேல் பழி விழுந்தது. கம்பளை வருவதற்குள் எல்லா மூக்கும் என் மடிக்கு வந்து சேர்ந்துவிட்டது. என் மானம் கப்பலேறியது.

வீட்டில் பேசின் பாத்திரத்தில் உப்புத் தண்ணீர் கலந்து அதை வைத்தேன். "உப்பு பத்தல" என்று வீட்டுக்காரர் இன்னும் ஒரு பிடி போட்டார். நிறமெல்லாம் போய் எலும்பாக வெளுத்தது. அப்போதுதான் பயம் வந்தது. கையில் வந்தது செத்துவிட்டது, சரி. நான் விட்டுவந்த மிச்சம்? அந்த மிச்சமாவது பிழைத்துத் துளிர்க்கட்டும் என்று மாரியம்மனுக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டேன்.

போன வருடம் மறுபடி போனோம். அதே தம்பி, அதே கறுப்புப் பாறை. குனிந்து பார்த்தேன். நான் கிள்ளிய இடம் பாசி பிடித்து மொட்டையாகக் கிடந்தது. துளிர் இல்லை, மீனும் இல்லை. கண்ணாடிக்குள்ளேயே அழுதேன். உள்ளே கண்ணீர் நிறைந்து எதுவும் தெரியவில்லை.

தம்பி பந்தயத்தை ஞாபகப்படுத்தவேயில்லை. நானே துடுப்பை வாங்கினேன். வள்ளம் செக்குமாடாகச் சுற்றியது. வீட்டுக்காரர் தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டார்.

"காணும் அக்கா, விடுங்க" என்று தம்பி சிரித்துக்கொண்டே துடுப்பை வாங்கினார். "அந்தப் பக்கம் நல்லா இருக்கு. இறங்கிப் பாக்கிறீங்களா?"

"பாக்குறேன் தம்பி. மொதல்ல என் ரெண்டு கையையும் கட்டிவிடுங்க."

பகடி விடுகிறேன் என்று நினைத்து அவர் சிரித்தார். நான் நீட்டிய கையை மடக்கவில்லை.