என் பாயில் படுத்திருந்தவள்

நம்பினால் நம்புங்கள். பேய் ராத்திரியில்தான் வரும் என்பார்கள். நைட் ஷிப்ட் பார்க்கும் எங்களுக்குப் பகல்தான் ராத்திரி. போன மே மாதம், ஒரு சனிக்கிழமை, பட்டப்பகலில் எனக்கு நடந்ததை அப்படியே சொல்கிறேன். ஒரு சொல்கூடக் கூட்டவில்லை.

ஒரகடம் பக்கம் வல்லம் வடகாலில், கோவிந்தம்மா வீட்டு மாடியில், ஷீட் கூரை போட்ட ஒற்றை அறை. நானும் ஷெர்லினும் வாடகைக்கு இருந்தோம். நான் சங்கரன்கோவில் பக்கம், அவள் நாசரேத். எனக்கு நைட் ஷிப்ட், அவளுக்குப் பகல். ஒரே அறையில் இருந்தும் ஒருத்தியை ஒருத்தி விழித்த முகமாகப் பார்ப்பது அபூர்வம். போர்த்திப் படுத்திருப்பவளை எழுப்பக் கூடாது என்பது மட்டும் எங்களுக்குள் சட்டம்.

சுண்டு வந்த பிறகு இன்னொரு சட்டமும் சேர்ந்தது. சுண்டு எங்கள் பூனை. நாங்கள் குடிவந்த அன்றே வாசலில் உட்கார்ந்திருந்தது. விரட்டியும் போகவில்லை. பூனையைத் தூக்கிக்கொண்டு பன்னிரண்டு மணி நேரம் பஸ்ஸில் போக முடியுமா? கண்டக்டர் ஏறவே விடமாட்டார். அதனால் ஒருத்தி ஊருக்குப் போனால் மற்றவள் அறையில் இருக்க வேண்டும். ஷெர்லினின் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அவளே போய்வந்தாள். நான் அம்மாவைப் பார்த்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அலுத்துப் போயிருந்தேன். ஒரு பூனைக்காக இப்படிக் கட்டுண்டு கிடக்கிறோமே என்று அழுதுகூட இருக்கிறேன்.

அந்த வாரம் ஃபேக்டரியில் எங்கள் லைனுக்கு நான்கு நாள் லீவு விட்டார்கள். வெள்ளிக்கிழமை இரவு ஷிப்டுக்குப் போகும்போதே துணிப்பையைக் கையோடு எடுத்துக்கொண்டேன். 'காலையில் இப்படியே ஊருக்குப் போகிறேன், சுண்டுவைப் பார்த்துக்கொள்' என்று ஷெர்லினுக்கு மெசேஜ் போட்டுவிட்டு, போனை லாக்கரில் வைத்துப் பூட்டினேன்.

காலை 6.30க்கு ஷிப்ட் முடிந்தது. அறைக்குப் போகாமல் நேரே கிளாம்பாக்கம் போய் பஸ் ஏறினேன். உட்கார்ந்ததுமே தூங்கிவிட்டேன்.

10.40. திண்டிவனம் தாண்டி டீக்கு நிறுத்தினார்கள். போனைப் பார்த்தேன். மெசேஜ் போகவே இல்லை. ஷெர்லினைக் கூப்பிட்டேன்.

"எக்கா, நான் ரயில்ல இருக்கேன். விடியக்காலம் போன் வந்துச்சு, அப்பாவுக்கு நெஞ்சுவலியாம்."

"ஏட்டி, அப்போ சுண்டு?"

"உங்ககிட்டத்தான விட்டுட்டு வந்தேன்."

"நான் பஸ்ல இருக்கேன். ரூமுக்கே வரல."



"விளையாடாதீங்க எக்கா. ஏழே முக்காலுக்கு நான் கிளம்பும்போது உங்க பாய்ல போர்த்திட்டுப் படுத்திருந்தீங்கள்லா. சுண்டுவப் பாத்துக்கிடுங்கன்னு சொன்னேன். 'ம்'னு சொன்னீங்களே..."



திருடியாக இருக்குமோ? கோவிந்தம்மாவைக் கூப்பிட்டேன். அவர் மணிமங்கலத்தில் மகள் வீட்டில் இருந்தார். இழுத்துச் சாத்தினாலே பூட்டிக்கொள்ளும் கதவு; சாவி எங்கள் இரண்டு பேரிடம் மட்டும்தான், அவரிடம் கிடையாது. மே மாத வெயில். ஷீட் கூரை. ஜன்னலில் வலை. நான்கு நாள் பூட்டிக் கிடந்தால் சுண்டு செத்துப்போகும். அம்மாவிடம் வரவில்லை என்று சொன்னேன். அம்மா போனை வைத்துவிட்டாள்.

எதிர்ப்பக்கம் போய் செங்கல்பட்டு பஸ்ஸைப் பிடித்தேன். அங்கிருந்து ஒரகடம். அப்புறம் ஷேர் ஆட்டோ.

2.10. மாடிப்படி செருப்பையும் தாண்டிக் காலைச் சுட்டது. தெருவில் கரண்ட் இல்லை. கதவு பூட்டியேதான் இருந்தது. உள்ளே சத்தமே இல்லை.

திறந்தேன்.

குளிர்ந்தது... அந்த வெயிலில், ஃபேன் ஓடாத அறை, குளிர்ந்தது.

என் பாய் விரித்திருந்தது. அதில் யாரோ தலையோடு கால் போர்த்திப் படுத்திருந்தார்கள்.

பஸ்ஸில் கண்ணயர்ந்ததைத் தவிர எனக்கு ஒரு நாள் முழுக்கத் தூக்கம் இல்லை. ஷெர்லின் தூங்குகிறாள் என்று நினைத்துவிட்டேன். பழக்கதோஷம். செருப்பைச் சத்தமில்லாமல் கழற்றினேன். பையை மெதுவாகக் கீழே வைத்தேன்.

அப்புறம்தான் உறைத்தது.

ஷெர்லின் ரயிலில் இருக்கிறாள்.

போர்வை மூச்சு விட்டது. ஏறியது... இறங்கியது... ஏறியது...

"யாரு?"

கால்மாட்டிலிருந்து சுண்டு வெளியே வந்தது. வாயை நக்கிக்கொண்டே வந்தது. வயிறு நிறைந்திருந்தது.

போர்வை இறங்கவில்லை.

மெல்ல என் பக்கம் திரும்பிப் படுத்தது...

சுண்டுவை அள்ளிக்கொண்டு ஓடினேன்.

கோவிந்தம்மா வரும்போது மணி 5.30. நான் தெருவில் உட்கார்ந்திருந்தேன், மடியில் பூனையோடு. நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"உங்களாண்ட சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். நீங்க வரதுக்கு முன்ன இதே ரூம்ல கவிப்பிரியான்னு ஒரு பொண்ணு இருந்துச்சு. அது வளத்த பூனைதான் இது. இத வுட்டுட்டு எப்டி போறதுன்னு ஊருக்கே போவாது. அந்த வருசப் பொங்கலுக்கு அதுங்கூட இருந்த பொண்ணுங்கல்லாம் கெளம்பிடுச்சுங்க, இது மட்டும் நின்னுடுச்சு. போகி அன்னிக்கு ஜன்னலாண்ட பாத்தேன். போத்திகினு படுத்திருந்துச்சு. நைட் ஷிப்ட்டு பாத்த பொண்ணு, தூங்கட்டும்னு வுட்டுட்டேன். மறுநாளும் அப்டியேதான் படுத்திருந்துச்சு. அப்பவும் எழுப்பல..."

அழுதார். எனக்கும் அழுகை வந்தது.

"மூணாம் நாள் கதவ ஒடச்சோம். டாக்டரு பாத்துட்டு, உசுரு போயி ரெண்டு நாளு ஆவுதுன்னாரு. பூனை மட்டும் கொழுகொழுன்னு கீது. பாய் பக்கத்துல கிண்ணத்துல பாலு. நான்தான் எடுத்துக் கீழ ஊத்தினேன்..."

கோவிந்தம்மா தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார்.

"சூடா இருந்துச்சும்மா."